திருவிழாவுக்கு முன் ஒரு குண்டு பல்பு

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என எந்தப் பக்கம் போனாலும் தோட்டக் கோயில்களின் சாமான் அறையில் ஒரு தலைமுறையே தூங்கிக்கொண்டிருக்கும். ஓட்டை விழுந்த பெட்ரோமாக்ஸ், நிறம் போன வாகனம், சுருட்டிப்போட்ட ஒயர். அவற்றுக்கு நடுவே சில இடங்களில் தூக்க முடியாத கனத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் கிடக்கும். அதுதான் வால்வு ஆம்ப்ளிபையர். மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாகக் கனியும். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு எழுந்து கடைசி லயம் வரைக்கும் போகும்.

அந்தப் பெட்டிகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு. கிட்டார் வாசிக்கும் இளைஞர்களும் பழைய இசைத்தட்டுப் பிரியர்களும் தேடி வாங்குகிறார்கள். தாத்தா விட்டுப்போன வால்வு ரேடியோவைப் பாடவைக்கப் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசை. ஆசை கெடுவது பெரும்பாலும் ஒரே சொல்லில்தான்: “போட்டுப் பார்ப்போம்.”

முப்பது, நாற்பது ஆண்டு மின்சாரம் காணாத பெட்டி வெளியே பளபளப்பாக இருக்கலாம். உள்ளே எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். டிரான்ஸ்பார்மரின் சுருளில் ஈரம் ஏறியிருக்கும். ஒயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும். அதை நேராகச் சுவரில் செருகினால் காவலுக்கு இருப்பது பிளக்கின் 13 ஆம்பியர் பியூஸ் மட்டும். ஏறத்தாழ 3,000 வாட் வரை அது தாராளமாக வழிவிடும். நூறு வாட் இழுக்க வேண்டிய பெட்டி எண்ணூறு வாட் இழுத்துப் புகைந்தாலும் அந்தப் பியூஸ் அசையாது. டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டால், பழைய மாடலுக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

இதற்குப் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருந்த வழி எளிமையானது. சோதிக்கும் பெட்டிக்கும் சுவர் மின்சாரத்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துவிடுவார்கள். பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான், சில பல்புகளில் அதற்கும் குறைவு. பெட்டி சரியாக இருந்து கொஞ்சமாக மின்சாரம் இழுத்தால் பல்பு பெரிதாகத் தடுக்காது. உள்ளே ஷார்ட் இருந்தால் இழை சூடேறித் தடை ஏறும். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பின் தடை அப்போது 529 ஓம். பெட்டிக்குள் எத்தனை மோசமான ஷார்ட் இருந்தாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் பாயாது. பல்பு பிரகாசமாக எரியும், டிரான்ஸ்பார்மர் பிழைத்துக்கொள்ளும்.

செய்முறையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. பிளக்கில் 3 ஆம்பியர் பியூஸ். பழுப்பு நிற லைவ் ஒயர் சுவிட்ச் வழியாகப் பீங்கான் ஹோல்டருக்குப் போய், பல்பைக் கடந்து, சோதனைச் சாக்கெட்டின் லைவ் முனையைச் சேர வேண்டும். நீல நியூட்ரல் நேராகப் போகலாம். பச்சை மஞ்சள் எர்த் எங்கும் அறுபடாமல் சாக்கெட் வரை போக வேண்டும். இவற்றை அடக்கும் பெட்டி இரும்பென்றால் அதன் உடம்போடும் இணைய வேண்டும். பிளக், சாக்கெட், ஹோல்டர் எதுவானாலும் சிரிம் முத்திரை பார்த்து வாங்குவது நல்லது. ஒயர் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைச் சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடலாம். அவருக்கு இது அரைமணி நேர வேலை.

பல்பு கிடைப்பதுதான் இப்போது சிக்கல். மின்சாரச் சிக்கனத்துக்காக மலேசியா 2014 வாக்கில் குண்டு பல்புகளைச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது. எல்இடி பல்பும் சுருள் பல்பும் இந்த வேலைக்கு உதவா. அவற்றுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று வேறு விதமாக நடந்துகொள்ளும். 230 வோல்ட் ஹாலோஜன் பல்பு உதவும். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்பும் உதவும், ஏனெனில் இரண்டிலும் இருப்பது அதே டங்ஸ்டன் இழை. பெட்டியின் முதுகில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ, ஏறத்தாழ அந்த அளவிலோ சற்றுக் கூடவோ பல்பு போட வேண்டும். அதே முதுகில் 110, 220, 240 என வோல்ட் மாற்றும் திருகு இருந்தால் அது 240-இல் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பொறுமை. முதலில் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட வேண்டும். பல்பு மின்னி அணைந்தாலோ மங்கலாக இருந்தாலோ டிரான்ஸ்பார்மர் தப்பித்தது. பளிச்சென்று எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்து ரெக்டிபையர் வால்வு. இப்போது பிரகாசம் கூடி இறங்காமல் நின்றால் பழி பெரும்பாலும் கண்டென்சர் மேல். கடைசியாக மற்ற வால்வுகள். அப்போது ஸ்பீக்கர் இணைந்திருப்பது கட்டாயம். இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். பல்பு இருக்கும்வரை பெட்டிக்கு முழு வோல்ட் கிடைக்காது என்பதால் வால்வு ஓய்வில் இழுக்கும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸைச் சரிசெய்வது பல்பை எடுத்த பிறகுதான்.

இவ்வளவும் காப்பாற்றுவது பெட்டியை. ஆளை அல்ல.

பல பேர் தவறுவது இங்கேதான். பல்பு அனுமதிக்கும் 0.43 ஆம்பியர் என்பது 430 மில்லிஆம்பியர். மனித உடலில் 30 மில்லிஆம்பியரைத் தாண்டி ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத்துடிப்பு தடுமாறும் அபாயம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். யுஎல் 41, யுஒய் 41 போன்ற வால்வுகள் கொண்ட சில பழைய ரேடியோக்களில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள்ளிருக்கும் இரும்புத் தட்டு சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அவற்றைத் திறந்து சோதிக்க ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் தேவை. பல்பு அந்த வேலையைச் செய்யாது.

1972 மே 3 அன்று பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். 1976 மே மாதம் ‘யார்ட்பர்ட்ஸ்’ பாடகர் கீத் ரெல்ப் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கும் எர்த் கோளாறுதான். இந்த இரண்டு மரணங்களையும் தோட்டக் கோயிலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். அபிஷேகம் முடிந்து நனைந்த சிமெண்டுத் தரை. வெறுங்கால். கையில் இரும்பு மைக். மறுமுனையில் இரண்டே ஒயர் கொண்ட, எர்த் இல்லாத பழைய பெட்டி. சுவான்சி மேடையைவிட இங்கே ஆபத்து கூடுதல். அதனால்தான் பழைய பெட்டியை மேடையேற்றும் முன் அதன் மின்கயிற்றை மூன்று ஒயர் கயிறாக மாற்றி, உடம்பை எர்த் செய்வது முதல் வேலையாகிறது. தரை ஈரமாகும் இடங்களில் 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. வீடுகளில் பொதுவாக இருக்கும் 100 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி இதற்குப் போதாது.

தோட்ட வீட்டின் ஒயரிங்கே கோளாறு என்றால் குடியிருப்பவர் கைக்காசு போட்டு ஒட்டுப்போட வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, முதலாளி தரும் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் வழங்குவதும் கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு. நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொண்டு, அசையவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

கடையில் வாங்கிய பெட்டி, கடையில் கொடுத்த ரிப்பேர் என்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ரிப்பேர் வேலையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்பது அதில் அடங்கிய உத்தரவாதம். ரசீதில் எழுதாவிட்டாலும் அது செல்லும். திரிபுனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும், வக்கீல் தேவையில்லை. தீர்ப்புக்கு 14 நாளில் பணியாதது குற்றம். ஆனால் முகநூலில் தனியாள் ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்றால் இந்தச் சட்டம் எட்டாது. ஒலிபெருக்கியை வாடகைக்கு விடும் தொழிலுக்காக வாங்கியவருக்கும் எளிதில் கைகொடுக்காது.

இங்கே அந்தக் குண்டு பல்பு இன்னொரு வேலையும் செய்யும். தனியாளிடம் வாங்கும்போது, காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதே இடத்தில் பல்பு வழியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ரிப்பேர் கடையிலிருந்து திரும்பிய பெட்டியை முதன்முறை போடும்போது, பல்பு எப்படி எரிகிறது என்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். ரசீதோடும் பழுதான பாகத்தின் படத்தோடும் அந்தப் பதிவைச் சேர்த்துக் கொடுத்தால், “வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்ற பதிலுக்கு அதுவே மறுப்பாக நிற்கும்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயின் சுவிட்ச். அது எட்டவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் உலர்ந்த கட்டையால் ஒயரைத் தள்ள வேண்டும். பிறகு 999. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கோயில் கமிட்டி கொடியேற்றத்துக்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவைக்கலாம்.