நம் வாயைத் தொடும் கை எப்படிப்பட்டது?

பல் வலி வந்தால் நம் தெருவில் வழக்கமாக நடப்பது இதுதான். முதல் நாள் கிராம்பு. மறுநாள் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. வாரக்கணக்கில் இப்படியே ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகு ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறுகிறோம். பேருந்து நிலையத்தில் எந்தப் பலகை முதலில் கண்ணில் படுகிறதோ, அங்கே நுழைந்து "பிடுங்கிடுங்க சார்" என்கிறோம். குடும்பத்துக்கு ஒரு நல்ல பல் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே நமக்குப் பழக்கமில்லை.

தேர்ந்தெடுக்காமல் போவதன் விலை சில வேளைகளில் உயிர். 2023-இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கிய கிருமித் தொற்றால் இறந்தார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதை ஆய்வு செய்த மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது சுத்தம். ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியை அழுத்த நீராவியில் வேகவைத்துத்தான் அடுத்தவர் வாயில் வைக்க வேண்டும். கருவிகளை உறையிலிருந்து நம் கண் முன்னே பிரிக்கிறார்களா? கையுறையை ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறார்களா? ஊசி புதியதா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் கோபப்படாமல் காட்டுவார்.

இரண்டாவது, படிப்பு. பி.டி.எஸ். படித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரே பல் மருத்துவர். பதிவு எண்ணைப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ பாருங்கள். பரம்பரையாகப் பல் கட்டுபவர், திருவிழாக் கடையில் பல் பிடுங்குபவர் ஆகியோரிடம் வாயைக் காட்ட வேண்டாம்.

மூன்றாவது, அவர் கேட்கும் கேள்விகள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா என்று கேட்காமல் ஊசி போடுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதை அவர் முதலில் சொல்ல வேண்டும். "கூலிக்காரங்க, திரும்ப வரமாட்டாங்க" என்று அவரே முடிவு செய்து, காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்குவது சிகிச்சை அல்ல. வேர் சிகிச்சை என்றால் எத்தனை முறை வர வேண்டும், மேலே போடும் உறையோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நான்காவது நமக்கே உரிய கேள்வி. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிய வேண்டியிருந்ததை 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்தார். நம் வாயையே அசுத்தம் என்று சொன்ன சமூகம் இது. மற்றவரைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர், நம்மை மட்டும் தள்ளி உட்காரவைத்து எட்ட நின்று பார்த்தால், எந்தத் தெரு என்று கேட்டதும் 'நீங்க' 'நீ' ஆனால், அவர் நம் குடும்ப மருத்துவர் அல்லர். தீண்டாமையைக் காட்டி மருத்துவமனையில் அனுமதி மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது? தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை கிடைக்கிறது. அங்கும் சுத்தத்தையும் மரியாதையையும் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவமனை என்பதால் அது யாரும் போடும் பிச்சை ஆகிவிடாது.

வலி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆறு வயதில் முளைக்கும் பின் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது, சொத்தையானால் இழப்புதான். புகையிலை, கூல் லிப் போடுபவர் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், உடனே காட்டுங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது வெறும் பயம்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தாலுகா மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நாளில், எத்தனை மணி முதல் இயங்குகிறது, என்னென்ன சிகிச்சை உண்டு என்று நேரில் கேட்டு எழுதி வாருங்கள். தெருவில் உள்ள படிப்பகத்தின் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு அம்மாவுக்குக் கன்னம் வீங்கும்போது, எங்கே போவது என்று அவர் பேருந்து நிலையத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.