தக்காளி ஏன் காத்திருப்பதில்லை?

தக்காளியை எத்தனை நாள் கெடாமல் வைத்திருக்கலாம் என்று நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. என் சொந்த ஊர் வரதய்யபாளையம். அன்று சித்தூர் மாவட்டம், இன்று திருப்பதி மாவட்டம். சித்தூர்க்காரனுக்குத் தக்காளி தெரியாமல் இருக்குமா என்பது அவர்கள் கணக்கு. தக்காளிக்குப் பேர்போன மதனப்பள்ளி எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். ஆனாலும் பழைய மாவட்டப் பாசம் விடுமா!

மதனப்பள்ளிச் சந்தையிலிருந்து சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் லாரி லாரியாகத் தக்காளி போகிறது. விலை சரிந்துவிட்டால் பறிகூலிக்கும் கட்டாது என்று விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. வெங்காயம் என்றால் பட்டறை போட்டு, விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். தக்காளி பொறுக்காது.

காரணம், பறித்த பிறகும் அது உயிரோடு இருப்பதுதான். எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த வாயு காயைப் பழுக்க வைக்கிறது. பழுக்கும் பழம் மேலும் வாயுவை விடுகிறது. ஒன்று பழுத்தால் கூடையே பழுப்பது இதனால்தான். இதில் நிறம் மாறுவது ஒரு வேலை, சதை குழைவது வேறு வேலை. குழைய வைப்பவை செல்களின் சுவரை அரிக்கும் நொதிகள்.

அந்த இரண்டாவது வேலையை மட்டும் நிறுத்த முடியுமா? அமெரிக்காவில் கால்ஜீன் நிறுவனம் ஒரு நொதியை அடக்கி, 1994-இல் 'ஃபிளேவர் சேவர்' தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அது கடைகளை விட்டுப் போய்விட்டது. புதுதில்லியில் தேசியத் தாவர ஜீனோம் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆசிஸ் தத்தா குழுவினர் வேறு இரண்டு நொதிகளுக்கான மரபணுக்களை அடக்கிப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, சாதாரணப் பழம் 15 நாளில் சுருங்கத் தொடங்க, இவர்கள் பழம் 45 நாள் வரை கெட்டியாக இருந்தது!

விவசாயிக்கு அந்த 30 நாள் பெரிய வரம். ஆனால் அந்தத் தக்காளி இன்னும் சந்தைக்கு வரவில்லை. மரபணு மாற்றிய உணவுக்கு இந்தியாவில் எதிர்ப்பும் உண்டு. வந்தாலும், எல்லோரும் சரக்கைப் பிடித்துவைத்து ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை என்னவாகும் என்பதற்கு விஞ்ஞானியிடம் பதில் இல்லை.

இனி வீட்டு விஷயம். அரைப்பழமாக வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் பரப்பி வையுங்கள். வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். அதுவும் எத்திலீன் விடும். சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நாள் இருந்த காய் பிறகு சரியாகப் பழுக்காது. ஆகவே ஃபிரிட்ஜில் நன்றாகப் பழுத்ததை மட்டும் வையுங்கள். குளிரில் மணம் குறையும் என்பதால் அதையும் இரண்டு மூன்று நாளில் ரசத்துக்குப் போட்டுவிடுங்கள்.