தறி மோட்டாருக்குச் சரி. படகு பேட்டரிக்குத் தீ! பிளஸ்–மைனஸ் மாறினால் ஒரே நொடியில் கருகிவிடும்

குமாரபாளையம்,

"ரெண்டு வயரை மாத்திப் போடு, சரியாப் போயிடும்!"

குமாரபாளையத்தில் எந்த விசைத்தறிப் பட்டறைக்குப் போனாலும் காதில் விழும் பேச்சு இது. மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றுவார்கள். மோட்டார் நேராகச் சுற்றும். சேதம் எதுவும் கிடையாது. தறி ஓட ஆரம்பித்துவிடும்.

வீட்டு பல்பும் அப்படித்தான். பேஸ், நியூட்ரல் எது எந்தப் பக்கம் போனாலும் எரியும். (தப்புதான். ஆனால் எரியும்!)

இதே கைப்பழக்கத்தோடு படகு பேட்டரியில் கை வைத்தால் என்ன ஆகும்?

"பட்" என்று ஒரு சத்தம். ஒரு பொறி. கருகிய வாடை. அவ்வளவுதான்!

டயோடு போச்சு!

பேட்டரியில் ஓடுவது ஒரே திசை மின்சாரம். பிளஸ் பிளஸ்தான், மைனஸ் மைனஸ்தான். மாற்றி மாட்டினால் முதலில் பலியாவது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற காவல்காரர்கள் அவை. பிளஸ்-மைனஸ் மாறியதும் கதவு திறந்துகொள்கிறது. பேட்டரியின் முழு பலமும் அதன் வழியே பாய்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் டயோடு கருகிவிடும். வயர்லெஸ், ஜி.பி.எஸ். போன்ற சாமான்களுக்குள் பாதுகாப்பு இல்லையென்றால் அவையும் கூடவே போகும்.

மாட்டியது சரியாக இருந்தும் கெடுப்பவர்கள் உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைப் பிடுங்குவார்கள். ஆல்டர்னேட்டர் தள்ளும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் எகிறும். அப்போதும் டயோடுதான் சாகும்.

நடு ஆற்றில் நின்றால்?

நமக்கும் பவானிக்கும் நடுவே பாலம் இருக்கிறது. படகைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். காவிரியில் மேலே போய்ப் பாருங்கள். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே விசைப்படகுதான் பஸ். ஆட்களோடு மோட்டார் சைக்கிளும் ஏறும். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

கடலில் சங்கதியே வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து சேதி போய்ச் சேராததால் எத்தனை குடும்பங்கள் தவித்தன! வயர்லெஸ் பெட்டிக்கு எட்டும் தூரம் குறைவு. அதற்கும் உயிர் பேட்டரிதான்.

ஷாக் அடிக்காத எமன்

12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே யாருக்கும் பயம் வருவதில்லை. ஆனால் பிளசையும் மைனசையும் ஒரு ஸ்பானர் சேர்த்துவிட்டால், பெரிய பேட்டரியிலிருந்து ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் பாயலாம். ஸ்பானர் பழுக்கும். விரலில் மோதிரம் மாட்டியிருந்தால் விரலோடு வேகும்.

போதாதற்கு, சார்ஜ் ஏறும்போது ஈய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவைக் கக்குகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். மூடிய பெட்டிக்குள் பேட்டரியை வைத்துக் காற்றோட்டத்தை அடைத்துவிடும் புண்ணியவான்களுக்கு இது தெரியுமா?

பியூஸ் போடுவதிலும் கோளாறு. சாமானுக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். பேட்டரியிலிருந்து அந்தச் சாமான் வரைக்கும் வரும் வயரை யார் காப்பது? நடுவில் எங்காவது உரசித் தோல் போனால் வயர் முழுக்கத் திரியாக எரியும். பியூஸ் இருக்கவேண்டிய இடம் பிளஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள்.

இன்னொன்று, வீட்டு சுவிட்சைப் படகில் மாட்டுவது. வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். சுவிட்ச் உருகும்.

கீழ்த்தளத்தில் 34 பேர்!

2019 செப்டம்பர் 2-ந் தேதி அதிகாலை. அமெரிக்காவின் கலிபோர்னியா கடலில் 'கான்செப்ஷன்' என்ற சுற்றுலாப் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேரும் மாண்டார்கள். இரவில் செல்போன், கேமரா பேட்டரிகளை சார்ஜில் போட்டிருந்ததாகப் பேச்சு. தீயின் காரணத்தை விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படகு மொத்தமும் எரிந்து மூழ்கிவிட்டதே! இரவுக் காவலுக்கு ஆள் போடாத கேப்டனுக்கு 2024-ல் 4 ஆண்டு சிறை கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2022 மார்ச்சில் நம்ம வேலூரில், ராத்திரி சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

மின்வெட்டு தந்த பேட்டரி

2012-ம் வருஷ மின்வெட்டை நம்ம ஊர் மறந்திருக்காது. பகலெல்லாம் தறி நின்றது. அந்தக் காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் நுழைந்த இன்வெர்ட்டர்கள் இன்னும் மூலையில் முனகிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேட்டரி உள்ள வீட்டில் பிளசோடு பிளஸ், மைனசோடு மைனஸ் சேர்த்தால் 12 வோல்ட். ஒன்றின் பிளசை மற்றதன் மைனசில் சேர்த்தால் 24. எது வேண்டும் என்று இன்வெர்ட்டரின் முதுகில் எழுதியிருக்கிறது. படித்துவிட்டு மாட்டுகிறவர் எத்தனை பேர்?

கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது மைனஸ் கடைசி. காரணம் இருக்கிறது. மைனஸ் வண்டியின் உடம்போடு சேர்ந்தது. அதைக் கழற்றிவிட்டால் பிளசில் ஸ்பானர் போடும்போது கை தவறி உடம்பில் பட்டாலும் பொறி வராது.

இந்த நிருபரும் உத்தமன் இல்லை. போன மழைக்காலத்தில் என் பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியை நானே மாற்றினேன். இருட்டு. இரண்டு வயரிலும் ஒரே அழுக்கு. மாற்றி மாட்டியதும் "டப்" என்றது. நல்லவேளை, போனது பியூஸ் மட்டும்.

மறுநாள் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பியூஸ் இருந்துச்சு, பொழச்சே தம்பி. தறி மோட்டார்னு நெனச்சியா?" என்றவர், மகளின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிவரச் சொல்லி பிளஸ் வயரின் முனையில் பூசிவிட்டார். இன்னும் அழியவில்லை.