ட்ரம் பைக்குள் ஒரு பொரி மூட்டை

சிம்மக்கல்லில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர். பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஊர் ஊராகத் திருவிழாக் கச்சேரி. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியதும் அரை வெளிச்சத்தில் செட்டைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவருவது வழக்கம். இந்த ஆண்டு இறக்கும்போது ஃப்ளோர் டாம் கைநழுவி விழுந்து விளிம்பு நசுங்கிவிட்டது. “10 மி.மீ. பேடிங் வைத்த பை ஒரு விலை, 20 மி.மீ. வைத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கூடக் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

மில்லிமீட்டரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் பதில். உள்ளே வைத்திருப்பது என்ன என்று தெரியாமல் தடிமனை மட்டும் சொல்வது, அரிசியின் ரகத்தைச் சொல்லாமல் மூட்டையின் உயரத்தைச் சொல்வதற்குச் சமம்.

விழும் பொருளுக்கு வலிப்பது வீழ்ச்சியால் அல்ல, நிற்பதால். கணக்கு மிகச் சுலபமானது: விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், அதன் எடையைப் போலச் சராசரியாக எத்தனை மடங்கு விசை அதன்மேல் பாய்கிறது என்று கிடைத்துவிடும். இடுப்பு உயரத்தில் இருந்து, அதாவது 75 செ.மீ.யில் இருந்து, ஐந்து கிலோ உலோக ஸ்நேர் ட்ரம் ஒன்று சிமென்ட் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 14 கி.மீ. வெறும் தரையில் ஒரு மில்லிமீட்டர் நசுங்கி நின்றால் 750 மடங்கு. அதே ஸ்நேர் 12 மி.மீ. பயணம் செய்து நின்றால் அறுபத்துச் சொச்சம் மடங்குதான். ஆக, பைக்குள் இருக்கும் நுரையின் ஒரே வேலை, அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரை வாங்கித் தருவது.

ஆனால் அந்தத் தூரம் முழுவதும் நுரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா வழிவிட்டு ஒதுங்கினால் பயனில்லை. இந்த இடத்தில்தான் நுரை என்ற பொருள் எனக்கு அதிசயமாகத் தெரிகிறது.

ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரியை ஒரு படியில் நிரப்பி, மேலே தட்டையான மூடி ஒன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிறகு ஒரு கட்டத்தில் ‘நொறுக்’ என்று ஒரு அடுக்கு சரியும், அடுத்த அடுக்கு சரியும். கையின் அழுத்தத்தை நீங்கள் கூட்டவேயில்லை, ஆனால் மூடி இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் பொடியான பிறகு திடீரென்று கல்லாகிவிடும். அதற்குமேல் உட்கார்ந்தாலும் இறங்காது.

பையில் உள்ள நுரையும் இதே மூன்று கட்டங்களில்தான் நடந்துகொள்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எண்ணற்ற சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்கு மெல்லிய சுவர்கள். லேசாக அழுத்தும்போது சுவர்கள் சற்றே வளைகின்றன. ஒரு எல்லையைத் தாண்டியதும் வரிசை வரிசையாக மடங்கிச் சாய்கின்றன. சாயும்வரை விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது; தூரம் மட்டும் ஓடுகிறது. ட்ரம்முக்கு வேண்டியது இந்த நடுக்கட்டம்தான். கடைசியில் சுவரோடு சுவர் ஒட்டிவிட்டால் நுரை போய் வெறும் பிளாஸ்டிக் தகடு மிஞ்சும். அடி அப்படியே ட்ரம்முக்குப் போய்ச் சேரும்.

பொரியோடு இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். நொறுங்கிய பொரி திரும்பி எழாது. தெர்மோகோலும் அப்படித்தான், ஒரு அடிக்கு உயிரைக் கொடுத்துவிட்டுச் செத்துவிடும். பாலிஎத்திலீன் நுரையின் சுவர்கள் ஒடிவதில்லை, மடங்கி நிமிர்கின்றன. உள்ளே அடைபட்ட காற்றும் உதைத்துக் கொடுக்கிறது. அதனால் அது அடுத்த கச்சேரிக்கும் உதவும். மூட்டையின் அடியில் கிடக்கும் பொரி மேற்சுமையில் பொடியாகிக் கிடப்பதுபோல், நாள்கணக்கில் பாரம் ஏற்றி வைத்த நுரை நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். கார்த்திகைக்கு வெல்லப்பாகில் பிடிக்கிற பொரி உருண்டைகூட இதில் உண்டு: மெத்தைக் கடையில் ரீபாண்டட் என்று கொடுப்பது, துண்டு துண்டான நுரைக் கழிவைப் பசையிட்டு அழுத்திச் சேர்த்ததுதான். உருண்டை போலவே அதுவும் கெட்டி, கனமும் கூட.

இதை வெறும் உவமையாகவும் நினைத்துவிட வேண்டாம். சிட்னி பல்கலைக்கழகத்தில் இட்டாய் ஐனாவ் உள்ளிட்ட குழுவினர் குழாயில் பொரியை அடைத்து அழுத்தி, நொறுங்கல் எப்படி அலை அலையாக நகர்கிறது என்று ஆராய்ந்து 2015-ல் ‘நேச்சர் ஃபிசிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018-ல் அதே பொரியில் பாலை ஊற்றி, ஈரம் ஏற ஏற அது விட்டுவிட்டுச் சரிவதை அளந்தார்கள். பாறைகளைக் கொட்டிக் கட்டிய அணைகளின் அடிப்பகுதியில் நடப்பதைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

இப்போது அந்த ஐந்து கிலோ ஸ்நேருக்கு வருவோம். விழும்போது அது சுமக்கும் ஆற்றல் சுமார் 37 ஜூல். உள்ளங்கை அளவுப் பரப்பில், அதாவது 100 சதுர செ.மீ.யில், அது நுரையில் இறங்குகிறது என்று கொள்வோம். மலிவுப் பைகள் பலவற்றில் இருப்பது சோபாவுக்கு வைக்கும் மெத்தென்ற பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு. அந்தப் பரப்பில் அது எதிர்த்துத் தள்ளுவது நான்கு கிலோ எடை அளவுக்குத்தான். 20 மி.மீ. ஸ்பாஞ்சு 12 மி.மீ. அமுங்கும்போது விழுங்குவது அரை ஜூல்! மீதி முப்பத்தாறரையும் ட்ரம்முக்கே. கைக்கு இதமாக இருந்ததே என்று வாங்கியவர் ஏமாறுகிறார். விரலுக்கு இதமாக இருப்பது ட்ரம்மின் கனத்துக்குக் காற்று மாதிரி.

அதே தடிமனில் ஈ.பி.ஈ. எனப்படும் பாலிஎத்திலீன் நுரை ஷீட், டிவிப் பெட்டியின் மூலைகளில் வருகிற அந்த வெள்ளைப் பொருள், ஏறக்குறைய இருபது மடங்கு எதிர்க்கும். பத்துப் பன்னிரண்டு ஜூலை விழுங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு. நல்லதுதான், ஆனாலும் போதாது.

மீதியை எப்படி விழுங்க வைப்பது? தடிமனை மூன்று மடங்காக்கலாம். பை தலையணை மூட்டையாகிவிடும், குட்டி யானையில் இடம் பற்றாது. அதைவிடப் பரப்பை மூன்று மடங்காக்குவது சுலபம். நுரைக்கு வெளிப்புறம், துணிக்கு உள்ளே, கெட்டியான ஒரு தகடு இருந்தால் தரையின் ஒரு முனையில் படும் அடி அகலப் பரவி, அதிகப் பரப்பில் உள்ள அறைச் சுவர்கள் ஒரே சமயத்தில் சாயும். 300 சதுர செ.மீ. என்றால் சுமார் 36 ஜூல். கணக்கு தீர்ந்தது. விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படுத்தும் சன்பேக் அட்டை போதும். தேர்தல் முடிந்தால் எல்லாத் தெருவிலும் கிடக்கும். தலைக்கவசத்தின் ஓடும் உள்ளிருக்கும் தெர்மோகோலும் இந்த ஏற்பாட்டில்தான் உயிர் காக்கின்றன.

எனவே 10 மி.மீ. ஈ.பி.ஈ. வைத்த பையை வாங்கி, அடிப்பக்கத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு ஈ.பி.ஈ.யும் ஒரு சன்பேக் வட்டமும் வெட்டி வைத்தால், 20 மி.மீ. ஸ்பாஞ்சுப் பையைவிட அது பல மடங்கு மேல். கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. பையைத் தரையில் போட்டு, ஒற்றை முழங்காலில் உடம்பின் முழு எடையையும் வையுங்கள். அறுபது கிலோ மனிதரின் முழங்கால் கொடுக்கும் அழுத்தம், நாம் பேசிய அடியின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் வரும். முழங்காலுக்குத் தரை தட்டுப்பட்டால் அந்தப் பை வேண்டாம். பாதி அமுங்கி நின்றால் எடுத்துக்கொள்ளலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் பல முழவுகளை வாசிக்க வழிசெய்த கால் பெடலை லுட்விக் நிறுவனம் 1909-ல் கொண்டுவந்தது. பாலியூரித்தேனை ஜெர்மனியின் ஓட்டோ பேயர் 1937-ல் உருவாக்கினார். பொட்டலத்துக்குள் நுரை எப்படி வேலை செய்கிறது என்ற கணிதத்தை ரேமண்ட் மிண்ட்லின் 1945-ல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் எழுதினார். எண்பது ஆண்டாகக் கிடைக்கிற அறிவு. ஆனாலும் பையின் சீட்டில் எதிர்ப்பு எவ்வளவு என்று யாரும் அச்சடிப்பதில்லை.

அச்சடிப்பதெல்லாம் வேறு. ‘நாசா தொழில்நுட்ப மெமரி ஃபோம்’ என்கிறார்கள். 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைக்கு உருவாக்கியது உண்மைதான். அது சூட்டில் இளகுகிற பொருள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதற்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வாட்டர்புரூஃப்’ என்பது துணிக்குத்தான் பொருந்தும். தையல் ஊசி போட்ட ஓட்டைக்கும் ஜிப்புக்கும் பொருந்தாது. ‘600 டெனியர்’ என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்று மட்டுமே பொருள். நெசவின் நெருக்கமோ தையலின் உறுதியோ அதில் தெரியாது. கைப்பிடிப் பட்டை பையின் அடிவரை சுற்றி வந்து தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். பை கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

அளவெடுக்கும்போது ட்ரம்மின் விட்டத்தோடு வெளியே துருத்தும் லக்குகளையும் சேர்த்து அளக்க வேண்டும். பை தொளதொளவென்றிருந்தால் விழுவதற்கு முன்னாலேயே உள்ளே ஒரு விழுதல் நடந்துவிடும். ஃப்ளோர் டாமின் கால்களைக் கழற்றித் தனியே வையுங்கள். தோல் உட்காரும் மர விளிம்பில், பேரிங் எட்ஜ் என்கிறோமே, அங்கே சிறு பள்ளம் விழுந்தாலும் சுருதி ஒரே சீராக நிற்காது. சிம்பல்களை ஒன்றோடொன்று உரசவிடாமல் நடுவே துணித் தடுப்பு வேண்டும். பையின் அடி ஓரத்தில், வட்டம் தரையைத் தொடும் இடத்தில், இரட்டை ஈ.பி.ஈ. வேண்டும். ஸ்டாண்டுகளுக்கு நுரைப் பையே வேண்டாம். கனமும் அவைதான், மற்றதை நசுக்குவதும் அவைதான். ஒரு தகரப் பெட்டி போதும்.

கச்சேரி இல்லாத மாதங்களில் பையை எப்படி வைப்பது என்பதையும் அவர் கேட்டிருக்கிறார். இன்றைய ட்ரம் தோல்கள் பாலியெஸ்டர். அவற்றுக்கு ஈரப்பதம் பொருட்டல்ல. ஆனால் ஸ்நேரின் அடியில் உள்ள எஃகுக் கம்பிகளும் குரோம் லக்குகளும் துருப்பிடிக்கும். வியர்வையும் பனியும் பட்ட செட்டை அன்றிரவே ஜிப் போட்டு மூடி அட்டத்தில் ஏற்றிவிடக் கூடாது. மின்விசிறியின் கீழ் ஒரு பகல் உலர விட்டு, பிறகு ஜிப்பை நான்கு விரல் திறந்தே வையுங்கள். (தவில், மிருதங்கக்காரர்கள் இந்த ஈ.பி.ஈ. யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது காற்றும் ஈரமும் போகாத நுரை; ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அதற்குள் புழுங்கும்.) பேஸ் ட்ரம்மின் மேல் மற்றதை அடுக்கினால் அடி நுரை அமுங்கியே கிடக்கும். தனித்தனியாக வைக்க இடமில்லையென்றால், லேசானதை மேலே வைத்து மாதம் ஒருமுறை மாற்றி அடுக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை அடிப்பக்க நுரையை ஸ்கேலால் அளந்து பாருங்கள்; 20 மி.மீ.யாக வாங்கியது 14-க்கு வந்திருந்தால், பையை மாற்ற வேண்டியதில்லை, அந்த வட்டத்தை மட்டும் புதிதாக வெட்டிப் போட்டால் போதும்.