பிக்கப் வண்டியை அரிக்கும் துரு: உப்புத் தண்ணீர் பகுதி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி, திரும்பும்போது உர மூட்டை, இடையில் வாடகை கிடைத்தால் வேறு லோடு. சத்துவாச்சாரி சுற்றுவட்டார விவசாயிகளுக்கு பிக்கப் வண்டியும் ஒரு உழவு மாடு மாதிரிதான். இன்ஜினுக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறோம். பாடியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டியின் தரைத் தகடு ஓட்டையாகி, எஃப்.சி.க்குப் போகும் நேரத்தில் பெரிய செலவு வந்து நிற்கிறது.

நம் பகுதியில் துரு ஏன் அதிகம்?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வரும். அதோடு உப்பும் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். உப்பு கலந்த ஈரம் எளிதில் காயாது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இறங்கும். நம் பகுதியில் இந்த உப்பு மூன்று வழிகளில் வண்டிக்கு வருகிறது.

முதலாவது, கழுவும் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவு கலந்தது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நிலத்தடியில் சேர்ந்த உப்பு சீக்கிரத்தில் போய்விடாது. பல கிணறுகளிலும் போர்களிலும் இன்றும் உப்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால், வண்டிக்கு உப்புப் பூச்சு கொடுத்த கதைதான்.

இரண்டாவது, உரம். பொட்டாஷ் உரத்தில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் உரம் தகட்டு மடிப்புகளில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாடகை லோடு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு தடவுவது வழக்கம். அந்த லோடு ஏற்றினால் உப்பு நீர் தொட்டியில் வடிந்து சேஸிஸ் வரை இறங்கும்.

எங்கே பார்க்க வேண்டும்?

• தொட்டித் தரையின் மடிப்புகள், ரப்பர் விரிப்பின் அடிப்பகுதி
• டெயில் கேட் கீல், கதவுகளின் கீழ் விளிம்பு
• சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு உட்புறம்
• தொட்டியும் சேஸிஸும் சேரும் இடம், பிரேக் பைப்

பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் அடியில் துரு பரவிவிட்டது என்று அர்த்தம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் தகடு நன்றாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தாலோ, தகடு அமுங்கினாலோ உள்ளே அரித்துவிட்டது. பழைய வண்டி வாங்கும்போது சிறிய காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாகப் பூசியிருக்க வாய்ப்பு அதிகம்.

துருவை நீக்கும் முறை

1. இடத்தைக் கழுவி உப்பை நீக்கி, நன்றாகக் காயவிடுங்கள். உப்பு இருக்கும்போதே பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் மீண்டும் கொப்புளம் வரும்.

2. வயர் பிரஷ், உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துருவைச் சுற்றி நல்ல தகடு தெரியும் வரை பெயின்ட்டை எடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

3. குழிகளில் எஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த மருந்து இது. டானின் நமக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து தோல் பதனிடப் பயன்பட்ட அதே பொருள்தான். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறும். அதற்காகக் கடுக்காயை இடித்துத் தடவினால் போதாது. கடையில் கிடைக்கும் மருந்தையே டப்பாவில் சொன்ன நேரம் வரை காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

4. அதன் மேல் எபாக்சி பிரைமர், தேவைப்பட்டால் பட்டி, பிறகு பெயின்ட். துருவின் மேல் நேரடியாகப் பட்டி பூச வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

5. தகடு ஓட்டையாகியிருந்தால், அரித்த பகுதியை வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங் வைப்பதே வழி. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்த இடத்தின் உட்புறத்திலும் பிரைமர் அடிக்க வேண்டும்.

சேஸிஸிலோ பிரேக் பைப்பிலோ அரிப்பு தெரிந்தால் லோடு ஏற்றாதீர்கள். அனுபவமுள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

வராமல் தடுக்க

• உரம், சாணம், உப்புத் தோல் ஏற்றினால் அன்றைக்கே கழுவுங்கள். முதலில் உரத்தைக் கூட்டி அள்ளிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.
• போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் சேமித்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். சுத்தமான கைத்தெளிப்பானில் நிரப்பி அடித்தால் குறைந்த தண்ணீரே போதும். பாசன நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உப்பின் அளவு தெரியும்.
• கதவின் அடியிலும் தொட்டியிலும் உள்ள வடிகால் துளைகளில் மண் அடைக்காமல் பாருங்கள். வண்டியைச் சற்றுச் சரிவாக நிறுத்தினால் தண்ணீர் வடிந்துவிடும்.
• ரப்பர் விரிப்பை வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிடுங்கள்.
• கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உடனே டச்-அப் செய்யுங்கள்.
• அடிப்பாகத்துக்குக் கழிவு ஆயில் அடிப்பது நல்லதல்ல. ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் கெடும், நிலத்திலும் சொட்டும். துருத் தடுப்புக் கோட்டிங் அடிப்பது நல்லது. துருவை நீக்காமல் கோட்டிங் அடித்தால் துரு உள்ளேயே வளரும்.

எப்போது செய்வது?

மே மாத வெயிலே இதற்கு ஏற்ற காலம். தகடு முழுமையாகக் காயும். ஆனால் உச்சி வெயிலில் சுடும் தகட்டில் பெயின்ட் அடிக்காமல், காலையில் நிழலில் அடியுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் இன்னொரு முறை அடிப்பாகத்தைப் பாருங்கள். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பே சோதித்தால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.

ரூபாய் நாணயம் அளவு துருவை உப்புத்தாளும் பிரைமரும் கொண்டு ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். அதையே இரண்டு மழைக்காலம் விட்டால் தகட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த முறை உர மூட்டை இறக்கியதும், தொட்டியின் மூலைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.