ஆட்டு மூளையும் நம் நரம்பும்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் அருகே உள்ள பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நாய்க்கடிக்காக வயிற்றில் நாள்தோறும் போடப்பட்ட ஊசிகளைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அங்கு நெடுங்காலம் செய்யப்பட்ட அம்மருந்து எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? ஆட்டின் மூளையிலிருந்து!

கசௌலியில் 1911இல் டேவிட் செம்பிள் வகுத்த முறையின் வழிவந்தது அது. வெறிநோய் வைரசை ஆட்டின் மூளையில் வளர்ப்பர். அம்மூளையை அரைத்து, வைரசைச் செயலிழக்கச் செய்து ஊசியாகப் போடுவர். எண்ணற்றோர் பிழைத்தனர். ஆனால் ஊசி தொடங்கிய ஓரிரு வாரங்களில் மிகச் சிலருக்குக் கைகால்கள் முடங்கின. சிலர் இறந்தும் போயினர். காரணம் வைரசு அன்று.

1933இல் அமெரிக்காவில் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் வைரசு கலவாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குப் பலமுறை செலுத்தினர். சில குரங்குகள் முடங்கின. அவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை சிதைந்திருந்தது.

இவ்வுறையை மின்கம்பியின் மேலுறைக்கு ஒப்பிடுவது வழக்கம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உவமை முழுதும் பொருந்தாது. கம்பியின் உறை மின்கசிவைத் தடுப்பதோடு சரி. மையலினோ செய்தியின் வேகத்தையும் கூட்டுகிறது. உறையுள்ள பருத்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். உறையற்ற மெல்லிய இழையில் ஏறத்தாழ 1 மீட்டர்தான். உறை உரிந்துபோன இழையில் செய்தி தளர்ந்து, வழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

உறையை உரிப்பவர் யார்? குருதியில் உள்ள எதிர்ப்பொருள்கள் என்றே பலர் கருதினர். 1960இல் பேட்டர்சன் என்பார், இவ்வகை நோய் தூண்டப்பட்ட எலிகளின் நிணநீர்க் கணுக்களிலிருந்து அணுக்களை எடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் நோய் வந்தது! அவ்வணுக்களுள் டி அணுக்கள் எனும் வெள்ளணுக்களே முதன்மையானவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நடப்பது இதுதான். ஊசியில் வந்த ஆட்டு மையலின் புரதத்தை டி அணுக்கள் நிணநீர்க் கணுவில் அயற்பொருளாக அறிந்து பெருகுகின்றன. கிளர்ச்சியுற்ற அணுக்களால் மூளையின் குருதிக்குழாய்ச் சுவரையும் கடக்க முடியும். உள்ளே நம் மையலின் இருக்கிறது. அதன் புரதமும் ஆட்டினுடையதை மிகவும் ஒத்தது. ஆடென்றும் ஆளென்றும் அவை வேறுபாடு காண்பதில்லை. அவை விழுங்கணுக்களை அழைக்க, அழிவு தொடங்குகிறது. ஊசியே போடாதவர்க்கும் வரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை ஆராய்வோர், இந்த விலங்குச் சோதனைகளையே பெரிதும் பயன்படுத்தினர்.

குன்னூர் நிலையம் பிற்காலத்தில் வீரோ செல்களில் வைரசை வளர்க்கும் முறைக்கு மாறியது. இந்தியாவில் மூளைத் தடுப்பூசி 2004-05இல் கைவிடப்பட்டது. இன்று புயத்தில் போடும் ஊசியில் மூளைத் திசு அறவே இல்லை. எனினும் பழைய ஊசியின் அச்சத்தால் இன்றும் தயங்குவோர் உண்டு. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டாலோ, பிழைத்தவர் மிக அரியர்.