வேலையோடு சட்டமும் படிக்கலாம்

பிரதேச செயலகத்தின் வாங்கில் காத்திருக்கும் பெண்களில் அநேகரின் மடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காணி உறுதி எல்லாம் அதற்குள் இருக்கும். இடம்பெயர்ந்தபோதும் பிள்ளைகளுக்கு அடுத்ததாக அந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனால் எந்தக் கடுதாசி எந்தக் கதவைத் திறக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணவர் காணாமற்போன ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். அவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட அவளுக்கு மனம் வராது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இறப்பைப் பதிவதற்கே வழி வைத்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்தவர் என்று சொல்லாமலே காணப்படாமைச் சான்றிதழ் பெற இடந்தந்தது. அதைக் கொண்டு நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் கணவரின் சொத்தைப் பராமரிப்பதற்கும் அது உதவும்.

அவள் தேசவழமைக்கு உட்பட்டவளாயின், தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இதை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கணவர் இருக்குமிடம் தெரியாதபோது, அந்தச் சம்மதம் இல்லாமலே காரியத்தை நடத்த மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம் என்றும் அதே 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதைச் சொல்லக்கூடியவரே சட்ட உதவியாளர்.

சட்ட உதவியாளர் என்ன செய்வார்?

பராலீகல் என்று அழைக்கப்படும் இவர் சட்டத்தரணி அல்லர். நீதிமன்றில் வழக்குப் பேச இவருக்கு உரிமை இல்லை. உறுதி முடிக்கவும் முடியாது, அது நொத்தாரிசின் வேலை. ஆனால் விடயத்தைக் கேட்டு, திகதி வாரியாக எழுதி, ஆவணங்களைச் சேர்த்து, உரிய அலுவலகத்துக்கு ஆளை வழிகாட்டி அனுப்புவார். தாபரிப்புக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கட்டளை பெற 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் நீதவான் நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்பது இவருக்குத் தெரிந்திருக்கும். சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாதவரை, 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு அழைத்துச் செல்வார். சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் இத்தகையவருக்கு வேலை உண்டு. மாதர் சங்கத்திலோ முன்பள்ளியிலோ ஏற்கெனவே பணிபுரிபவருக்கு, செய்யும் வேலைக்கே இந்த அறிவு பலம் சேர்க்கும்.

எங்கே படிப்பது?

குறுகிய காலப் பயிற்சிகள் ஒரு தொடக்கம். பட்டமே வேண்டும் என்பவருக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் சட்டமாணிப் பட்டத்தைத் தொலைக்கல்வி முறையில் வழங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்குப் பிராந்திய நிலையங்கள் உள்ளன. பாடநூல்களை வீட்டில் வைத்துப் படித்து, வகுப்பு நாட்களுக்கும் பரீட்சைக்கும் மட்டும் நிலையத்துக்குப் போக வேண்டும். இடைக்கால மதிப்பீடுகளில் போதிய புள்ளி எடுத்தவரே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். ஆகவே கடைசி மாதத்தில் படித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே சரிவராது.

போர்க் காலத்தில் உயர்தரம் தவறிப்போனதே என்று மனந்தளர வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறிகள், உயர்தரம் இல்லாதவர்களும் மேலே போவதற்கென்றே உள்ளவை. எந்தத் தகைமை கேட்கிறார்கள், எந்த மொழியில் எந்தப் பாடம் நடக்கிறது, நுழைவுச் சோதனை உண்டா என்பவற்றை விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே நேரில் கேட்டறியுங்கள். பட்டம் பெற்ற பின் சட்டத்தரணியாக விரும்புபவர் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

பணமும் நேரமும்

மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போல இங்கே படிப்பு இலவசம் அல்ல. பாடக் கட்டணத்தோடு பஸ் செலவையும், வகுப்புக்குப் போகும் நாளில் இழக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எல்லாப் பாடங்களையும் ஒரே வருடத்தில் பதிய வேண்டியதில்லை. நான்கு வருடப் படிப்பு ஆறு வருடமானாலும் குறைவில்லை. கடன்பட்டு இடையில் விடுவதைவிட அது மேல்.

பகல் முழுவதும் தையல் மெசினில் குனிந்திருந்து, இரவு பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு புத்தகத்தை விரித்தால் கண் சொருகும். அது உங்கள் மூளையின் குறையல்ல, உடலின் களைப்பு. விடியற்காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒரு மணித்தியாலம் சிலருக்குப் பொருந்தும். அயலில் இன்னும் இரண்டு பெண்கள் படிக்கச் சேர்ந்தால் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க மற்றவர் வகுப்புக்குப் போகலாம்; வராதவருக்கு வந்தவர் குறிப்பெடுத்துக் கொடுக்கலாம்.

ஏமாறாதிருக்க

சட்ட டிப்ளோமா என்று சுவரொட்டி ஒட்டும் எல்லா நிறுவனங்களையும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். சான்றிதழை வழங்குவது யார், பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா, அதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் தரத் தயங்குபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

படிப்பு தொடங்குமுன் இன்றிரவே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. உங்கள் பையைத் திறந்து, ஒவ்வொரு கடுதாசியையும் திகதி வாரியாக அடுக்கி, எது எப்போது எந்த அலுவலகத்தில் கிடைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். சட்ட உதவியாளரின் முதல் வேலையும் இதுதான். இதை உங்களுக்குச் செய்து முடித்தவுடன், அடுத்த வீட்டுச் சகோதரியும் தன் பையோடு உங்களிடம் வருவாள். வாங்கில் அவள் தனியே இருக்கத் தேவையில்லை.